கப்பல் வந்தாச்சு, மாமா வரவில்லை

விமானத்தில் வருகிற விருந்தாளியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அவர் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது நம் கண்ணில் படாது. சாங்கியில் பலகையைப் பார்த்து விமானம் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வோம், ஒரு கோப்பி குடிப்போம், கண்ணாடிக் கதவு திறக்கும், தள்ளுவண்டியும் அவருமாக வெளியே வருவார். நடுவில் நடந்த கூத்தெல்லாம் அவரோடு போயிற்று. கப்பலில் வருகிற விருந்தாளி அப்படியல்ல. பதினாறு மாடிக் கட்டடம் ஒன்று மரினா பே கப்பல் முனையத்தில் கயிறு கட்டி நிற்கிறது. அதில் ஏதோ ஒரு பால்கனியில் மாமா நிற்கிறார். போனிலும் பேசுகிறார்.

“மாப்ள, ஒன்னப் பாத்துட்டேன். நீலச் சட்டைதானே?”

நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

“சரி, நான் துண்ட ஆட்டுறேன், மேல பாரு.”

அண்ணாந்து பார்த்தால் பாதிப் பால்கனிகளில் யாரோ எதையோ ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் பொதுவாக எல்லோருக்கும் கையாட்டி வைத்தேன். சீனப் பாட்டி ஒருவர் மிகுந்த மகிழ்ச்சியோடு பதிலுக்கு ஆட்டினார்.

மாமா மன்னார்குடிக்காரர். மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா போக விசா வேண்டாம் என்று அறிவித்தாலும் அறிவித்தார்கள், டெல்டா மாவட்டத்துக்காரர்களுக்குக் கோலாலம்பூர் தஞ்சாவூருக்கு அடுத்த ஊராகிவிட்டது. திருச்சியில் விமானம் ஏறுவது, பத்துமலை முருகனைப் பார்ப்பது, கிள்ளான் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறுவது, போகிற வழியில் ஒரு பகல் சிங்கப்பூர். இதுதான் மாமாவின் திட்டம். சிங்கப்பூரைச் சுற்றிக் காட்ட கப்பல் கம்பெனியே பேருந்து வைத்திருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, சட்டையில் எண் ஒட்டி, குடை பிடித்த ஒரு பெண்ணின் பின்னால் அனுப்பி வைப்பார்கள். மாமா அதை ஒரே வார்த்தையில் நிராகரித்துவிட்டார்.

“எதுக்கு? அங்கதான் நம்ம மாப்ள இருக்கான்ல.”

கப்பல் பயணத்தில் இதற்குப் பெயர் சுயேச்சையாகச் சுற்றுவது. வெள்ளைக்காரர்கள் இதைச் செய்தால் ஒரு முதுகுப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், அதிகம் போனால் ஒரு மனைவி. மாமாவின் சுயேச்சையில் அத்தை, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர், சம்பந்தி, சம்பந்தியம்மா, சம்பந்தியம்மாவின் தங்கை ஆகியோர் அடக்கம். மொத்தம் ஒன்பது பேர். சில ஊர்களில் இந்த எண்ணிக்கைக்குப் பஞ்சாயத்துத் தேர்தலில் வார்டு மெம்பரே ஆகிவிடலாம்.

கப்பலிலிருந்து சீக்கிரம் இறங்குவதைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்ற திமிர் எனக்கு உண்டு. பள்ளி விடுமுறைகளில் இதே முனையத்தில் ஏறி பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய் வந்திருக்கிறோம். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். அங்கே முதல் ஆளாகப் போய்ச் சுடச்சுடத் தோசை சாப்பிட்ட பெருமை எங்கள் வீட்டில் இன்னும் பேசப்படுகிறது. அதனால் மாமா கப்பல் ஏறுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் நீண்ட குரல் பதிவு ஒன்றை அனுப்பியிருந்தேன். மாமா பெருவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைத் திருப்பி அனுப்பினார். அந்தப் பெருவிரலுக்கு ‘கேட்டேன்’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘கேட்கப் போவதில்லை’ என்றும் பொருள் கொள்ளலாம்.

பதிவில் நான் சொன்னதில் முக்கியமானது இதுதான். கப்பல் கரையைத் தொட்டதும் கதவு திறந்துவிடாது. துறைமுக அதிகாரிகளும் குடிநுழைவு அதிகாரிகளும் தாள்களைப் பார்த்து, இறங்கலாம் என்று சொன்ன பிறகுதான் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அதற்கு முன்னால் போய்ப் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்பதில் புண்ணியமில்லை. இறங்கும் பாலம் எந்தத் தளத்தில் போடுவார்கள் என்பதை முதல்நாள் இரவே வரவேற்பு மேசையில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அது துறைக்குத் துறை மாறும், கடல் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடியும் மாறும். லிஃப்டை மறந்துவிட வேண்டும், மாடிப்படிதான் வழி. காலைச் சாப்பாட்டுக்கு மேல்தளத்து பஃபேக்குப் போகக் கூடாது. கதவில் மாட்டுகிற சீட்டில் முதல்நாளே எழுதி வைத்தால் அறைக்கே ரொட்டியும் காப்பியும் வந்துவிடும். கம்பெனிப் பேருந்துக்காரர்களை அரங்கத்தில் உட்கார வைத்து கூட்டம் கூட்டமாக அழைத்துப் போவார்கள். அவர்களுக்கு முன்னால் நழுவிவிட வேண்டும், அல்லது அவர்கள் எல்லோரும் போய் முடித்தபின் ஆற அமர இறங்க வேண்டும். நடுவில் மட்டும் மாட்டக் கூடாது. கடவுச்சீட்டு, சிங்கப்பூர் விசா, கப்பல் அட்டை, மூன்றும் கையில் இருக்க வேண்டும்; பெட்டிக்குள் இருக்கக் கூடாது. கிள்ளானில் ஏறுகிறவர்களுக்குச் சிங்கப்பூரில் இன்னொரு தொல்லை உண்டு என்பதையும் சொல்லியிருந்தேன். அதே நாளில் அதே பாலத்தில், பயணம் முடிந்து பெட்டிபடுக்கையோடு வீட்டுக்குப் போகிறவர்களும் இறங்குவார்கள்.

மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்பதால் சிங்கப்பூருக்கும் வேண்டாம் என்று நினைத்து வந்து, நாள் முழுக்கக் கப்பலிலேயே உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. நல்லவேளை, மாமா விசாவில் கோட்டை விடவில்லை. வருகை அட்டையையும் நிரப்பியிருந்தார். வருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளைக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய அந்த அட்டைக்கு அரசாங்கம் ஒரு காசு வாங்குவதில்லை. ஊரில் ஓர் ஏஜெண்டு ஒன்பது பேருக்கும் தலைக்கு ஐந்நூறு ரூபாய் ‘சர்வீஸ் சார்ஜ்’ வாங்கி நிரப்பிக் கொடுத்திருக்கிறார். இதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. கடல் பயணத்தில் இருக்கிறவருக்கு இரத்தக் கொதிப்பை ஏற்றுவது நியாயமல்ல.

கப்பல் எட்டு மணிக்குக் கட்டியது. எட்டரைக்கு அறிவிப்பு வந்துவிட்டது என்று மாமா மகன் செய்தி அனுப்பினான். அவன்தான் எனக்குக் களத்து நிருபர்.

8.40: “இறங்கறோம்.”

8.55: “அப்பா சாப்ட்டுட்டுப் போலாம்ங்கறார்.”

கப்பலில் சாப்பாடு டிக்கெட்டோடு சேர்ந்தது என்பதை மாமா கிள்ளானிலேயே கண்டுபிடித்துவிட்டார். காசு கொடுத்து வாங்கிய இட்லியை விட்டுவிட்டு இறங்குவது அவர் அகராதியில் இல்லை. பஃபே பதினான்காம் தளத்தில், இறங்கும் பாலம் ஐந்தாம் தளத்தில். இரண்டுக்கும் நடுவே இருந்தவை எட்டு லிஃப்டுகள், நாலாயிரம் பயணிகள்.

9.20: “எல்லாரும் ஒரே லிஃப்ட்ல போணும்னு அம்மா சொல்றாங்க. ஒம்பது பேருக்கு எடம் இருக்கற லிஃப்ட் வரல.”

9.35: “சம்பந்தியம்மா தங்கச்சி மட்டும் ஒரு லிஃப்ட்ல ஏறிட்டாங்க. கதவு மூடிருச்சு. தேடறோம்.”

இந்த நேரத்தில் முனையத்திலிருந்து முதல் ஆட்களாக வெளியே வந்தவர்கள் கப்பல் ஊழியர்கள். டிஷர்ட் போட்ட நாலைந்து இளைஞர்கள், பேச்சில் மலையாளமும் கொங்கணியும் கலந்திருந்தது. ஒருவன் என்னைப் பார்த்துத் தமிழில், “அண்ணே, முஸ்தபா கடைக்கு டிரெய்ன் எப்படி?” என்றான். தூத்துக்குடிப் பையன். சொன்னேன். ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கப்பலிலிருந்து எப்படி இறங்குவது என்று உலகத்தில் யாரிடமாவது பாடம் படிக்க வேண்டுமானால் இவர்களிடம்தான் படிக்க வேண்டும். கையில் பையில்லை, பின்னால் சொந்தக்காரர் இல்லை, மதியம் ஷிப்டு இருக்கிறது.

9.50க்கு வந்த செய்தியைப் படித்து நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். “அரங்கத்துல உக்காந்திருக்கோம். ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க.”

போன் செய்து கேட்டதில் விஷயம் இதுதான். நாலாம் தளத்தில் நீளமாக ஒரு வரிசை நின்றிருக்கிறது. வரிசையைப் பார்த்ததும் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். ரேஷன் கடை, நெல் கொள்முதல் நிலையம், வைகுண்ட ஏகாதசி என்று அறுபது வருடம் வரிசையில் நின்றே வளர்ந்த மனிதர். எதற்கு வரிசை என்று கேட்டுவிட்டு நிற்பவர்களுக்குக் கடைசி இடம்தான் கிடைக்கும் என்பது அனுபவம். முன்னால் போனதும் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஒன்பது பேருக்கும் ‘17’ என்று ஒட்டிவிட்டாள். அது தோட்டங்களும் மெர்லயனும் பார்க்கிற பேருந்துக் கூட்டம். பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை என்று அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் மாமா முன்வரிசையில் ஏசிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

இனிமேல் அங்கேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று, பக்கத்தில் இருக்கும் மரினா சவுத் பியர் படகுத் துறைக்கு நடந்தேன். அங்கிருந்துதான் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் குசு தீவுக்கும் படகு போகிறது. பாய், குடை, பிரியாணி டப்பா, தூண்டில் எல்லாம் வைத்துக்கொண்டு குடும்பங்கள் நின்றிருந்தன. அரை மணி நேரப் பயணம், அழகான மணல், மதியத்துக்கு மேல் திரும்பிவிடலாம். செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு என் தாத்தாவும் போயிருக்கிறார். காசு எதுவும் கொடுக்கவில்லை. போக விருப்பமும் இல்லை. கொண்டுபோய் விட்டார்கள்.

தாத்தா என்றால் இப்போது பதினேழாம் எண் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மாமாவின் அப்பா. இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறியவர். 1926இல் கட்டிய கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரர்கள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று அதைக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓட்டினார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் டன் கப்பலில் ஆரம்ப காலத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் தளத்துப் பயணிகளை ஏற்றிக்கொள்ள உரிமம் இருந்தது. இன்றைய சொகுசுக் கப்பல்கள் அதைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு பெரியவை, பெரும்பாலும் அதைவிடக் குறைவான ஆட்களை ஏற்றுகின்றன. அப்படியும் லிஃப்டில் இடம் கிடைப்பதில்லை. ரஜூலாவில் அந்தப் பிரச்சினையே இல்லை. தளத்துப் பயணிக்கு ஒரு பாய் விரிக்கிற இடம்தான் அறை, பால்கனி, பஃபே எல்லாம்.

ஆனால் இறங்குவதுதான் பாடு. அம்மை, காலரா கப்பலில் வந்துவிடும் என்ற பயத்தில் 1874இலேயே செயின்ட் ஜான்ஸ் தீவில் தடுப்பு முகாம் அமைத்துவிட்டார்கள். தளத்தில் வந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக அங்கே இறக்கி, குளிக்க வைத்து, துணிமணியைக் கிருமி போக ஆவியில் போட்டு, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஊருக்குள் விட்டார்கள். 1930களில் உலகத்திலேயே பெரிய தடுப்பு முகாம்களில் அதுவும் ஒன்று. எதிரே சிங்கப்பூர் தெரியும். விளக்கெரிவதுகூடத் தெரியும். போக முடியாது. முதல் வகுப்பு அறையில் வந்த துரைமார்களுக்கு இந்த உபசாரம் பெரும்பாலும் இல்லை, அவர்கள் நேரே இறங்கிப் போனார்கள். ஆக, கப்பலிலிருந்து சீக்கிரம் இறங்க ஒரு நிச்சயமான வழி அன்றைக்கே இருந்தது: விலை அதிகமான டிக்கெட். இன்றைக்கும் அந்த வழி அப்படியே இருக்கிறது. பெரிய ‘சூட்’ அறை எடுத்தவர்களுக்குத் தனி வரிசை, தனி லிஃப்ட், வாசல் வரை ஒருவர் கூடவே வருவார். முதலாளித்துவம் எதை மறந்தாலும் இதை மறக்காது.

எழுபதுகளில் ரஜூலா ஓய்ந்தது. வ.உ.சி.யின் பெயரைத் தாங்கி எம்.வி. சிதம்பரம் கொஞ்ச காலம் ஓடியது, எண்பதுகளில் அதுவும் நின்றது. பிறகு நம் ஆட்கள் விமானத்துக்கு மாறினார்கள். இப்போது சம்பாதித்த பிள்ளைகள் காசில் மறுபடி கப்பலுக்கு வந்திருக்கிறார்கள், இந்த முறை நீச்சல் குளத்தோடு.

10.50க்குப் போன் அடித்தது. “மாப்ள, வெளிய வந்துட்டோம்! நீ எங்க போயிட்ட? நாங்க எவ்ளோ நேரம் நிக்கிறது?”

ஓடினேன். ஒன்பது பேரும் மலர்ந்த முகத்தோடு நின்றார்கள். மாமா சட்டையில் இன்னும் 17. அத்தையின் கைப்பை கனத்திருந்தது. அவித்த முட்டையும் வாழைப்பழமும் கொண்டுவரப் பார்த்திருக்கிறார், கப்பல் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிட்டார்கள். வெற்றிலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். சம்பந்தியம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மெல்லுகிற புகையிலை சிங்கப்பூருக்குள் வரக் கூடாது என்று நான் பதிவில் சொன்ன ஒரே ஒரு விஷயத்தை மாமா அப்படியே கடைப்பிடித்து, சம்பந்தியம்மாவின் பொட்டலத்தைக் கப்பலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். ஏன் அந்த ஒன்றை மட்டும் என்று கேட்க நான் துணியவில்லை.

அடுத்த கேள்வி டாக்சியா, ரயிலா. கப்பல் ஆள் மாற்றுகிற நாளில் முனையத்து டாக்சி வரிசையைப் பார்த்தால் செயின்ட் ஜான்ஸ் தீவே தேவலை என்று தோன்றும். டாக்சியில் நாலு பேர்தான் ஏறலாம். ஒன்பது பேருக்கு மூன்று டாக்சி, மூன்றாவதில் என்னைச் சேர்த்து இரண்டு பேர், அந்த இரண்டாவது ஆள் யார் என்பதில் ஒரு குடும்ப மாநாடு. வேண்டாம். கூரை போட்ட நடைபாதையில் பத்து நிமிடம் நடந்தால் மரினா சவுத் பியர் ரயில் நிலையம். இந்த முனையத்தை 2012இல் திறந்தபோது ரயில் கிடையாது, 2014 நவம்பரில்தான் நிலையம் வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் மாமா வந்திருந்தால் நான் லாரிதான் பிடித்திருப்பேன்.

ரயில் நிலையத்தில் வங்கி அட்டையைத் தட்டினாலே கதவு திறக்கும். ஆனால் ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். மாமா தன் அட்டையைத் தட்டி உள்ளே போய், அதை வாசலுக்கு மேலாக அத்தையிடம் நீட்டி, அத்தை தட்ட, வாசல் முறைத்துக்கொண்டு மூடியே நின்றது. இதற்காகவே வீட்டு மேசை அறையிலிருந்து பழைய ஈஸி லிங்க் அட்டைகளை ரப்பர் போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். ஆளுக்கு இரண்டு வெள்ளிகூட ஆகாது. சிவப்புப் பாதையில் மரினா பே, ராஃபிள்ஸ் பிளேஸ், சிட்டி ஹால், டோபி காட். அங்கே ஊதாப் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. கேட்க எளிது. சம்பந்தியம்மா ரயிலில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சாப்பிட்டால் ஐந்நூறு வெள்ளி வரை அபராதம் என்றேன். மாமா உடனே ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, முறுக்கைத் தானே வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்தினார். டோபி காட்டில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கிற தூரத்தைக் கண்டு, “இதுக்கு நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போயிருக்கலாமே” என்றார் சம்பந்தி. அதுவரை பேசாமல் வந்த மனிதர், பேசியது உண்மை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அத்தை வீரமாகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்திருந்தார். கோயிலில் பன்னிரண்டு மணியை ஒட்டி நடை சாத்திவிடுவார்கள், பிறகு நாலு மணிக்குத்தான். கப்பல் நாலரைக்குள் எல்லோரும் ஏறியாக வேண்டும் என்று சொல்லியிருந்தது. பஃபல்லோ ரோட்டில் கட்டிவைத்த மல்லிகையைப் பார்த்ததும் பெண்கள் நால்வரும் நின்றார்கள். தேக்கா சந்தையில் மீனைப் பார்த்து சம்பந்தி நின்றார். பேரப்பிள்ளைகள் டான் தெங் நியா வீட்டின் வண்ணச் சுவரைப் பார்த்துப் படமெடுக்க நின்றார்கள். 1900இல் மிட்டாய் வியாபாரி ஒருவர் கட்டிய வீடு அது. தன்னால் ஓர் அர்ச்சனை தவறிப்போகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். எல்லோரையும் தள்ளிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் கோயில் வாசலை அடைந்தபோது குருக்கள் கதவருகே வந்துவிட்டார். அத்தை அங்கிருந்தே, “சாமீ, மன்னார்குடிலேர்ந்து வரோம்!” என்று ஒரு குரல் கொடுத்தார். குருக்கள் திரும்பிப் பார்த்தார். தீபாராதனை கிடைத்தது. எட்டு மணியிலிருந்து நான் போட்ட திட்டங்களில் ஒன்றும் சாதிக்காததை அந்த ஒரு குரல் சாதித்தது.

சாப்பாடு கோமள விலாஸில். 1947இலிருந்து இருக்கிற கடை. மாமா சாப்பிட்டுவிட்டு, “நம்ம ஊர் மாதிரியே இருக்கு” என்றார். பாராட்டா, ஏமாற்றமா என்று தெரியவில்லை. வாயிலிருந்து பேச்சைப் பிடுங்க, தாத்தா இருந்த தீவுக்குப் படகு போகிற இடத்தில்தான் காலையில் நின்றேன் என்று சொன்னேன். மாமா கொஞ்சமும் உணர்ச்சிவசப்படவில்லை.

“ஆமா, அப்பா சொல்லுவாரு. அங்க சோறு வயிறு முட்டப் போட்டாங்களாம். சும்மா ஒக்காந்து சாப்ட்டது வாழ்க்கையிலேயே அங்க மட்டுந்தான்னு சொல்லுவாரு. அவரு எறங்க மாட்டேன்னு நின்னிருப்பாரு மாப்ள.”

இந்தக் குடும்பத்துக்கு இது இரத்தத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கப்பலிலிருந்து இறங்குவது எப்படி என்று நிறையப் பேர் யோசனை சொல்கிறார்கள். முஸ்தபாவிலிருந்து இறங்குவது எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை. 1971இல் கேம்பல் லேனில் சின்னத் துணிக்கடையாகத் தொடங்கியது, இன்று சையத் ஆல்வி ரோட்டில் ஒரு தெருவையே விழுங்கி நிற்கிறது. பெருந்தொற்றுக்கு முன்பு இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும். உள்ளே ஜன்னல் இல்லை, வெயில் தெரியாது, பொழுது தெரியாது. பருப்பு வாங்கப் போனவர் சூட்கேஸ் வழியாக வாசனைத் திரவியத்தில் போய் முடிவார். உள்ளே நுழைகிறபோது, மூன்று மணிக்குச் சரியாக வாசலில் நிற்க வேண்டும் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று மணிக்கு வாசலில் நின்றது நானும் சம்பந்தியும். அவர் உள்ளேயே போகவில்லை.

மூன்றே காலுக்கு மாமாவைக் கோடாலித் தைலப் பகுதியில் கண்டுபிடித்தேன். சிங்கப்பூர் போய்விட்டுக் கோடாலித் தைலம் இல்லாமல் ஊர் திரும்புகிறவரை மன்னார்குடியில் யாரும் மதிப்பதில்லை. எண்ணிக்கொண்டிருந்தார்.

“மாமா, மணி மூணே கால்.”

“என்னடா சொல்ற, பன்னெண்டே முக்கால்தான்.” கைக்கடிகாரத்தைக் காட்டினார். மாத்திரை நேரம் தப்பக் கூடாது என்று புறப்பட்டதிலிருந்து அதை இந்திய நேரத்திலேயே வைத்திருக்கிறார். “நாலரைக்குத்தானே? இன்னும் நாலு மணி நேரம் இருக்கு.”

சுயேச்சையாகச் சுற்றுகிறவர்களுக்கு இருக்கிற ஒரே பயங்கரம் இதுதான். கம்பெனிப் பேருந்து தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். சொந்தமாகச் சுற்றப் போனவருக்குக் காத்திருக்காது. கப்பல் கிளம்பிய பிறகு துறையில் ஓடி வருகிறவர்களை மேல்தளத்தில் நின்று கைதட்டிப் படம் பிடிப்பார்கள். அடுத்த துறைக்குச் சொந்தக் காசில் போய்ச் சேர வேண்டும். இதை மாமாவிடம் விளக்கினேன். ‘சொந்தக் காசில்’ என்ற இடத்தில் அவருக்கு விளங்கியது. பிறகு நடந்ததை நான் மறக்கமாட்டேன். காலையில் லிஃப்டுக்காக அவ்வளவு நேரம் நின்ற அதே ஒன்பது பேர், ஃபேரர் பார்க் நிலையத்துக்குப் பையும் தைலமுமாக ஓடினார்கள். டோபி காட்டில் மாமா நகரும் படிக்கட்டிலேயே ஏறி ஓடினார். பேரப்பிள்ளைகள் மூச்சு வாங்க, “தாத்தா, மெதுவா” என்றார்கள். சம்பந்தியம்மாவின் தங்கை எல்லோருக்கும் முன்னால்.

முனையத்து வாசலில் காலையில் பார்த்த தூத்துக்குடிப் பையன் நின்றிருந்தான். முஸ்தபா வேலையை முடித்து, திரும்பி, மதிய ஷிப்டு பார்த்து, பத்து நிமிட இடைவேளைக்கு வந்திருக்கிறான். என்னைப் பார்த்து, “இன்னும் உங்க ஆளுங்க எறங்கலையாண்ணே?” என்றான்.

நாலு இருபதுக்கு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடனே போன்.

“மாப்ள, பையை மிஷின்ல விட்டாங்க. கெட்டில புடிச்சி வச்சிக்கிட்டாங்கடா.”

“எந்தக் கெட்டில்?”

அத்தை முஸ்தபாவில் தண்ணீர் சுட வைக்கிற மின்சாரக் கெட்டில் ஒன்று வாங்கியிருக்கிறார். கப்பல் காப்பி வாயில் வைக்க விளங்கவில்லை, சுக்குக் காப்பிப் பொடி கையில் இருக்கிறது, வெந்நீர் மட்டும்தான் வேண்டும். தீப்பிடிக்கும் பயத்தில் கெட்டில், இஸ்திரிப் பெட்டி இவற்றையெல்லாம் அறைக்குள் விட மாட்டார்கள். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, பயணம் முடிந்து இறங்குகிற அன்று திருப்பித் தருவார்கள். இதைக் குரல் பதிவில் நான் சொல்லவில்லைதான், சிங்கப்பூரில் இறங்குகிறவர் கெட்டில் வாங்குவார் என்று யாருக்குத் தெரியும்?

கிள்ளானில் இறங்குகிற நாள் காலை. எட்டு மணிக்கே மாமா மகனிடமிருந்து செய்தி. “சூப்பர். படிக்கட்டுல எறங்கிட்டோம். ரூம்லயே சாப்ட்டாச்சு. எட்டு பேர் வெளிய.”

எட்டு பேர்?

மாமாவுக்குப் போன் செய்தேன். பின்னால் சந்தை இரைச்சல்.

“கெட்டில் வாங்கற வரிசைடா. ஒரு எரநூறு பேர் இருப்பாங்க. நீ கவலப்படாத. எனக்கு முன்னாடி நிக்கிறவரு கும்பகோணத்துக்காரரு. அவரும் கெட்டில்தான். மூத்த பையன் பெங்களூர்ல இருக்கானாம், இன்னும் பாக்கலையாம். நம்ம ராஜாங்கம் பொண்ணு ஒண்ணு இருக்குல்ல? அவசரப்படாத, வைய்யி, நான் பேசி முடிச்சிட்டுக் கூப்புடறேன்.”